முன்சுவரில் போன குழாய்

பந்தயத்தை ஆரம்பித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர் உபைத். ஷார்ஜாவில் ஏ.சி. மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. கல்யாணமானதிலிருந்து இரண்டு லீவுக்கு வந்து போயிருக்கிறார். மற்றபடி நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் வீடியோ காலில்தான்.

எனக்கு என் புருஷன் வீட்டில் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டுக்காரிகளுக்கு இந்த நினைப்பு இருக்கிறது, வாயைத் திறக்கத்தான் மாட்டார்கள். நான் திறந்துவிட்டேன்.

"வந்துடுங்க மச்சான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து இங்கயே ஏ.சி. சர்வீஸ் ஆரம்பிப்போம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"இங்கயேவா? நம்ம ஊர்ல யாரு ஷைமா நம்மளக் கூப்பிடுவா? சரி, கூப்பிட்டாங்கன்னே வச்சுக்க. நீ என்ன பண்ணுவே? ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பியா?"

"பைப் வளைப்பேன்."

மறுபடியும் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போன லீவில் அவர் பெரம்பலூரில் அவருடைய அக்கா வீட்டுக்கு ஏ.சி. மாட்டியபோது கூடவே நின்று பார்த்தவள் நான். அவர் ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு, பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாகக் கிடந்த செம்புக் குழாய்களை வாங்கி வந்து நாள் தவறாமல் வளைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் துண்டு காயப்போடுகிற வளையம், கரண்டி மாட்டுகிற கொக்கி எல்லாம் நான் வளைத்த செம்புதான். முதலில் வளைத்தவை நசுங்கிப்போய்ச் சப்பையாக இருக்கும். அதற்கப்புறம் வளைத்தவற்றில் எங்கே விரலை வைத்துத் தடவினாலும் உருண்டையாகவே இருக்கும்.

குழாயை ஒரே இடத்தில் மடக்கினால் அது பழிவாங்கிவிடும். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வைத்து, கொஞ்சம் அமுக்கி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கொஞ்சம் அமுக்க வேண்டும். சோற்றுச் சட்டியின் விளிம்பு மாதிரி அகலமாக வளைந்து வர வேண்டும். தடித்த குழாய் என்றால் மேலே ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டு வளைக்கலாம். குழாய் நசுங்கினால் உள்ளே கேஸ் ஓடாது. கேஸ் ஓடாவிட்டால் ஏ.சி. வெறும் மின்விசிறிதான். இது எனக்குத் தெரியும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

"முன்ரூமுக்கு ஏ.சி. வாங்கி வச்சிருக்கோம்ல," என்றேன். "அத நானே மாட்டுறேன். அப்பப் பேசுங்க."

அவரும் விடவில்லை. "சரி, மாட்டு. தூக்குறதுக்கு, செவுத்துல ஓட்டை போடுறதுக்கு ஆள் வச்சுக்க. ஆனா காப்பர் பைப்பை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. மாட்டிட்டு நைட்ரஜன் அடிச்சு, கசியுதான்னு பாக்க அழுத்த கேஜை வை. முள்ளு ஒரு நாள் முழுக்க இறங்காம நின்னுச்சுன்னா நான் விசாவைப் புதுப்பிக்கல. திங்கக்கிழமைக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். சொல்லிடறேன், வந்துடறேன்."

"இறங்குனா?"

"இறங்குனா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் ஆயிஷா பீவி நிமிர்ந்தார். "பந்தயம் ஹராம்டி."

"அப்ப வாக்குன்னு வச்சுக்குங்க மாமி," என்றேன். வாக்கு என்றதும் அவர் மறுபடி கீரைக்குக் குனிந்தார்.

சனிக்கிழமை காலையில் பெரம்பலூரிலிருந்து ஆட்டோவில் நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கு வந்தது. உபைத் போன லீவில் வைத்துவிட்டுப் போன டூல் பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தது. தூக்குகிற வேலைக்கும் ஓட்டை போடுகிற வேலைக்கும் மாமியாரின் தம்பி மீரான் மாமா வந்தார். அரியலூர் பக்கம் புதுக் கட்டடம் எங்கே எழும்பினாலும் அங்கே தண்ணீர்க் குழாய் போட்ட கை அவருடையது. நல்ல மனுஷன். சும்மா உட்காரச் சொன்னால்தான் அவருக்குக் கஷ்டம்.

இப்போது எங்கள் வீட்டு முன்சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பச்சை கிரானைட் பதித்து, பொன்னிறக் கோடு இழுத்து, உச்சியில் மாஷா அல்லாஹ் என்று எழுதிய எலிவேஷன். எங்கள் தெருவில் வீட்டுக்கு உள்ளே எப்படி இருந்தாலும் எலிவேஷன் மட்டும் குறைவாக இருக்காது. வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று அந்தச் சுவர்தான் ஊருக்குச் சொல்லும். முன்ரூம் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை முன்சுவரில் மாட்டினால் கை நீளக் குழாயில் வேலை முடிந்துவிடும். ஆனால் யார் மாட்டுவார்கள்? எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் குழாய் முன்ரூமில் கிளம்பி, நடைவழி மேலேயே ஊர்ந்து, மூலை திரும்பி, சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போகும். குழாய் நீண்டால் குளிர்ச்சி குறையும், திருப்பம் கூடினால் பயம் கூடும். பரவாயில்லை, எலிவேஷன் அழகாக இருக்கிறதே!

நானும் அந்த வழியைத்தான் போட்டேன். மாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார், முன்சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது என்று. அதனால் நீளக் குழாயாகப் புதுச் சுருள் வாங்கி வைத்திருந்தேன்.

உள்பெட்டியின் பின்னால் கம்பெனியே வைத்து அனுப்புகிற இரண்டு குட்டைக் குழாய்கள் உண்டு. அவற்றை நாம் போகிற பக்கம் திருப்பிவிட வேண்டும். அது நசுங்கினால் பெட்டியே வீண். அதை நான் மடியில் வைத்து, ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் திருப்பினேன். மீரான் மாமா மூச்சுவிடாமல் பார்த்தார். குழாய் சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு சுருளைத் தரையில் உருட்டி நேராக்கி, நீளம் அளந்து வெட்டி, தூசி போகாமல் நுனிகளில் டேப் சுற்றினேன். மூலைத் திருப்பங்கள் மட்டும் பாக்கி. மதியத் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வந்துடறேன் மாமா. இதத் தொடாதீங்க."

"நான் ஏம்மா தொடப்போறேன்," என்றார்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் நடைவழியில் என் குழாய்கள் இரண்டும் அழகாக வளைந்து கிடக்கின்றன. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி மூலைகள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. மீரான் மாமா இடுப்பில் கைவைத்து நின்றார், முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படிம்மா? உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

குனிந்து ஒரு நுனியைப் பார்த்தேன். நான் சுற்றிய டேப் இல்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தேன். நறநறவென்றது.

"மாமா, உள்ள என்ன போட்டீங்க?"

"மணல்தாம்மா. பக்கத்து வூட்டுல கட்டட வேலைக்குக் கொட்டியிருக்காங்கள்ல, வெள்ளாத்து மணல். நல்லா சலிச்சுத்தான் போட்டேன்."

எங்கள் பக்கத்துக் குழாய் வேலைக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். பிளாஸ்டிக் குழாயைச் சூடுகாட்டி வளைக்கும்போது அது சப்பையாகாமல் இருக்க உள்ளே மணலைக் கெட்டித்து நிரப்புவார்கள். வளைத்து முடித்து மணலைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் போகிற குழாய்க்கு மணலால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இது கேஸ் ஓடுகிற குழாய். உள்ளே ஒட்டிக்கொண்ட ஒரு பொடி மணல் போதும், அது கேஸோடு சேர்ந்து போய் கம்ப்ரஸரை அரைத்துத் தின்றுவிடும்.

"இதுக்கா இப்படி முழிக்கிறே? தண்ணிய ஊத்தி அலசிவிட்டா போச்சு," என்றார்.

"தண்ணியா!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமியார் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார். மணலாவது கண்ணுக்குத் தெரியும், ஈரம் அதைவிடப் பெரிய எமன். மீரான் மாமாவுக்கு நான் விளக்க விளக்க முகம் சுருங்கிக்கொண்டே போனது. திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, திட்டியும்விட்டேன். ஆனால் ஒத்தாசை செய்ய வந்தவரை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? அதுவும் போக, குழாயை வேறு ஆள் தொடக்கூடாது என்பது வாக்கு. மணலே இல்லாவிட்டாலும் அது எனக்கு ஆகாது.

பெரம்பலூர் கடைக்குப் போன் அடித்தேன். "ஊரே ஏ.சி. மாட்டுது மேடம். அரை இஞ்ச் சுருள் காலி. திங்கக்கிழமைதான் சரக்கு வரும்," என்றார்கள். அரியலூரிலும் கேட்டேன், அதே கதை. திங்கட்கிழமை சரக்கு வந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அவர் விசாவைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அட்டைப்பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். ஏ.சி.யோடு சேர்ந்து வந்த குட்டைக் குழாய் ஜோடி ஒன்று, நுனி மூடியோடு பிரிக்காமல் இருந்தது. அது கொல்லை வரைக்கும் எட்டாது. சமையல்கட்டு வரைக்கும் கூட எட்டாது. ஒரே ஒரு வழிக்குத்தான் எட்டும். முன்ரூமில் சுவரைத் துளைத்து நேராக வெளியே, சன்ஷேடு மேலே மாட்டப்போகிற வெளிப்பெட்டிக்கு.

மாமியாரிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "மாமி, இதத்தவிர வேற வழி இல்ல. முன்செவுத்துல ஓட்டை போடணும். குழாய் தெருவுக்குத் தெரியும். பெட்டியும் தெரியும். நீங்க வேண்டாம்னா விட்டுடறேன். ஆனா அப்புறம் உங்க புள்ள வரமாட்டார்."

அவர் வாசலுக்குப் போனார். தெருவில் இறங்கி நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தேன்.

"உன் மாமனாரு சவுதியில, தம்மாமுல இருந்தப்ப," என்று ஆரம்பித்தார், "வரேன் வரேன்னு மூணு தடவ சொன்னாங்க. நாந்தான் மாடியும் எடுத்துட்டு வாங்கன்னேன். அப்புறம் எலிவேஷனையும் முடிச்சுட்டு வாங்கன்னேன். இந்தக் கல்லு கூட அவங்க போன்ல பாத்துத்தான் எடுத்தாங்க. முடிச்சுட்டு வந்தாங்க. ஒரு மழைக்காலம் இருந்தாங்க இந்த வூட்டுல, கண்ண மூடிட்டாங்க. அவ்வளவுதான்."

எனக்கு அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டது.

"மீரானு," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அந்த மிஷினை எடுத்தா. எங்க போடணும்னு இவ சொல்லுவா. கல்லு உடைஞ்சா உடையட்டும்."

மீரான் மாமா கிரானைட்டில் ஓட்டை போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். மணலில் விட்ட மானத்தை அந்தக் கல்லில் மீட்டுவிட்டார். தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகக் குடைந்தார், ஒரு சில்லு தெறிக்கவில்லை. வெளிப்பக்கம் ஒரு விரல் இறங்கி இருக்க வேண்டும், அப்போதுதான் ஏ.சி. தண்ணீர் வெளியே வடியும் என்று சொன்னேன். மட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பெட்டியைத் தூக்கி சன்ஷேடில் மாட்டியதும் அவர்தான். மாட்டி முடித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இனிமே நான் எதையும் தொடமாட்டேன் தாயே," என்றார்.

நான் ஏணியில் ஏறினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழாயில் ஸ்பிரிங்கை ஏற்றினேன். கையில் இருப்பது ஒரே ஜோடி. நசுங்கினால் வேறு இல்லை. பயம் இல்லையா என்றால், இல்லை. என் கைக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அமுக்கினேன், கொஞ்சம் நகர்த்தினேன். சுவரிலிருந்து வெளியே வந்த குழாய் அகலமாகத் திரும்பிக் கீழே இறங்கிப் பெட்டியின் வாயருகே போய் நின்றது. மாமா வளைத்தது போலக் கூர்மையான மூலை இல்லை, யானையின் தும்பிக்கை போல இருந்தது. எனக்கு அது போதும்.

நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டுத்தான் நுனியைப் புனல் மாதிரி விரிக்க வேண்டும். விரித்த பிறகு நட்டு ஏறாது. அதையும் மறக்கவில்லை. விரித்த வாய் கண்ணாடி மாதிரி மின்னியது. இறுக்கினேன். நைட்ரஜன் அடித்தேன். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவினேன், ஒரு குமிழி எழும்பவில்லை. ஏணியில் தொங்கவிட்ட கேஜில் முள் நிற்கிற இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, வீடியோ காலில் உபைத்துக்குக் காட்டினேன். சாயங்கால அஸர் தொழுகை நேரம்.

"நாளைக்கு அஸருக்குப் பாக்கலாம்," என்றார். பெட்டி இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, "இது எலிவேஷன் ஆச்சே! அம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்றார்.

"சொன்னாங்க. ஓட்டை போடச் சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமியார்தான் முதலில் பார்த்தார். "ஷைமா! முள்ளு இறங்கிருச்சுடி!" என்று அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே, ஒரு நூல் அளவு. அந்த நேரம் பார்த்து உபைத்திடமிருந்து அழைப்பு. கேஜைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இறங்கியிருக்கே ஷைமா."

மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"மச்சான், என்கிட்டயே விளையாடுறீங்களா? நேத்து வெயில்ல அடிச்ச காத்து. காலையில குளுந்தா அமுங்கத்தான் செய்யும். நேத்து எந்த வெயில்ல கோடு போட்டேனோ அதே வெயில்ல வந்து பாருங்க. அதுக்கு முன்னாடி பேசாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இந்த முறை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியுமா என்று பார்த்திருக்கிறார். போனை வைத்துவிட்டு நான் இட்லிக்கு ஊற்றினேன். மாமியார்தான் நாள் முழுக்க ஏணிக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலில் முள் கோட்டையும் தாண்டி மேலே போனபோது, "கூடிருச்சு, கூடிருச்சு!" என்று கைதட்டினார்.

அஸருக்கு முள் கோட்டின் மேல் வந்து நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வீடியோவில் உபைத் வெகுநேரம் பார்த்தார்.

"எங்க கம்பெனியில புதுசா வர்ற பையனுங்க கூட இப்படி வளைக்க மாட்டானுங்க," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நீ செஞ்சுட்டே, சரி. நான் இல்லேங்கல. ஆனா இது நம்ம வூடு ஷைமா. வெளிய யாரு கூப்பிடுவா? வந்துட்டு சும்மா உக்காந்துட்டா என்ன பண்றது? ஒரே ஒரு வருஷம் மட்டும்..."

"வாக்கு குடுத்தீங்க மச்சான்," என்றேன். முள் இறங்கியிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் வெற்றிச்செல்வி. டூட்டிக்குக் கிளம்பியவர், தெருவில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

"ஏங்க, நேத்து நீங்கதான ஏணியில நின்னு இந்த பைப்பை மாட்டுனீங்க? நான் மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க வூட்டு ஏ.சி. உள்பக்கமா தண்ணி ஊத்துதுங்க, படுக்கையெல்லாம் நனையுது. போட்டுட்டுப் போன ஆளு போனே எடுக்க மாட்டேங்கறான். நீங்க வந்து கொஞ்சம் பாப்பீங்களா? எங்க ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருத்தங்க குன்னத்துல இருக்காங்க, அவங்க வூட்லயும் இதே தொல்லைதான்."

கொல்லைப்பக்கம் மாட்டியிருந்தால் இந்தக் குழாயை யார் பார்த்திருப்பார்கள்?

"ஓட்டை உள்பக்கம் சரிஞ்சிருக்கும். குழாய எடுத்துட்டுச் சாய்வை மாத்தணும்," என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. உபைத்தின் குரல்தான், ஆனால் வேலையில் இறங்கிவிட்ட ஆளின் குரல். "கேஸை முதல்ல வெளிப்பெட்டிக்குள்ள இழுத்துக்கணும் ஷைமா. அத நீ பண்ணுனதில்ல. தனியாப் பண்ணாதே. அவங்கள கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லு, நான் வந்து..."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அவர் வாயால் வந்த வார்த்தை அவருக்கே கேட்டுவிட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. வெற்றிச்செல்வி ஒன்றும் புரியாமல் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்க நனைஞ்ச படுக்கையில எத்தனை நாள் படுப்பாங்க மச்சான்? எப்படி இழுக்கணும்னு நாளைக்குப் போன்ல சொல்லுங்க, நான் செஞ்சுடறேன். நீங்க வந்து குன்னத்து வூட்டப் பாருங்க," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"டிக்கெட் போட்டுட்டுக் கூப்பிடுடா," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.